முதலாளி வேஷம்

விசாரணை காலையில் என்று சொல்லியிருந்தார்கள். எது வரைக்கும் காலை என்று சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்து வராந்தா பெஞ்சில் பூமயிலும் அவள் புருஷன் கூத்தையாவும், காலடியில் கிடந்த வெயில் முழங்காலுக்கு ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். கமுதிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். கூத்தையாவுக்கு வலது கை முழங்கையோடு முடிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி இடது கையால் மூடியைத் திருகினான். திறந்து தரட்டுமா என்று பூமயில் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

மிளகாய் சில வருஷம் வரிசையாகப் பொய்த்த பிறகு அவன் பாம்பனுக்கு வேலைக்குப் போனான். ஐஸ் கம்பெனி வேலை. பெரிய ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து வந்து அரைக்கிற மிஷினில் தள்ள வேண்டும். பொடிந்து விழுகிற ஐஸ் படகுகளுக்குப் போகும். மிஷின் வாய்க்கு ஒரு மூடித்தகடு உண்டு. தகடு இருந்தால் பார் மெதுவாக இறங்குகிறது என்று முதலாளி அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டார். மீன்பிடி தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிய நாளில், பார் ஒன்று வாயிலேயே சிக்கிக்கொண்டது. அதை நெம்பிவிடப் போனான். குளிருக்காகக் கையில் சுற்றியிருந்த சாக்கை மிஷின் முதலில் பிடித்தது. பிறகு கையைப் பிடித்தது. மறுநாளே தகடு மிஷினில் மாட்டியிருந்ததாகக் கூட வேலை பார்த்த சுரேஷ் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். அதை வந்து சாட்சி சொல் என்று கேட்ட நாளிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை.

இழப்பீடு வந்தால் ஆடு வாங்குவது என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. ஆடு மேய்க்கலாம். கமுதிச் சந்தையில் எந்த மாதத்தில் குட்டி மலிவு, எந்த ஊர்க் கிடாய் நோய் தாங்கும் என்றெல்லாம் கூத்தையா விசாரித்து வைத்திருந்தான். ஆட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவன் பழைய ஆளாக இருந்தான்.

கூப்பிட்டார்கள். அதிகாரி மேஜைக்கு இந்தப் பக்கம் இவர்களுடைய வக்கீல் ஜாபர் சாதிக். கீழக்கரைக்காரர். உப்பளத்து ஆட்களுக்கும் படகு ஆட்களுக்கும் பாதி வழக்கைச் சும்மாவே நடத்துகிறவர். அந்தப் பக்கம் முதலாளியின் வக்கீல். அவர் கட்டு கட்டாகக் காகிதம் கொண்டுவந்திருப்பார் என்று பூமயில் நினைத்திருந்தாள். ஒரு லேப்டாப் மட்டும்தான் கொண்டுவந்திருந்தார். அதை அதிகாரி பக்கம் திருப்பி வைத்து ஒரு வீடியோவைப் போட்டார்.

முதல் சத்தத்திலேயே பூமயிலுக்குத் தெரிந்துவிட்டது. அது அவர்கள் நாடகம்.

பூமயில் பல வருஷமாக உடங்காடு நாடகக் குழுவில் இருக்கிறாள். களையெடுப்பும் மிளகாய்ப்பழம் எடுப்பும் போக மிச்ச நாளில் நடிகை. குழுவை ஆரம்பித்தவர் குருநாதன். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் தமிழ் நடத்தியவர். கண்மாய்க்குள் நின்ற மரங்களை ஏலம் விட்டதில் ஊர் ஏமாந்த கதையை, ஏமாந்தவர்களையே நடிக்க வைத்து அவர் போட்டதுதான் முதல் நாடகம். ஒத்திகைக்கு யாரும் இடம் தராமல் உடைமரங்களுக்கு நடுவே நின்று ஆடியதால் அந்தப் பெயர். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு புது நாடகம். விறகைக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் வெந்த பிள்ளைகள் ஒரு வருஷம், வராத பயிர்க் காப்பீடு ஒரு வருஷம், மில்லுக்குப் போய்த் திரும்பாத பெண் ஒரு வருஷம். போட்டதை மறுவருஷம் போட மாட்டார்கள். நம்ம பக்கம் புதுத் துயரத்துக்கா பஞ்சம் என்று குருநாதன் சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். பள்ளர் தெருக்காரியும் பண்ணை வீட்டுக்காரரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து, யாரையும் அய்யா என்று கூப்பிடாமல் அண்ணே, அக்கா என்று கூப்பிடுகிற இடம் அந்தப் பக்கத்தில் வேறு எது இருக்கிறது? பூமயிலுக்கு அதற்காகவே குழு பிடிக்கும்.

எழுதி வைத்த நாடகம் கிடையாது. யாருக்கு என்ன நடந்ததோ அவர் வட்டத்தின் நடுவே உட்கார்ந்து கொட்ட வேண்டும். கொட்டுவது என்றே அதற்குப் பெயர். ஒன்றையும் மறைக்கக் கூடாது. கொட்டியவர் அந்தக் கதையில் தன் வேஷத்தைத் தானே கட்டக் கூடாது, கட்டினால் அழுகைதான் வரும், நடிப்பு வராது என்பது குருநாதன் கட்சி. முடிந்தால் தனக்குக் கெடுதல் செய்தவன் வேஷத்தைக் கட்ட வேண்டும். எதிராளி எப்படி யோசிக்கிறான் என்பது அப்போதுதான் விளங்குமாம்.

கை போன வருஷம் பூமயில் கொட்டினாள். ஐஸ் பார், சாக்கு, கழற்றிய தகடு, எல்லாம். மறைக்கக் கூடாது என்பதால், விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் சுரேஷோடு சேர்ந்து ஒரு குவார்ட்டர் குடித்ததையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சேதுபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். குழுவில் அவன்தான் சிரிப்பு நடிகன். நாடகத்தில் ஒரு தள்ளாட்டம் இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுந்து போய்விடும், பிள்ளைகள் போனால் பின்னாலேயே தாய்மார் போய்விடுவார்கள் என்றான். கூத்தையா வேஷமும் அவனுக்குத்தான். முந்தின நாள் குடி, விபத்து நாள் காலைக்கு நகர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் குடிக்கவில்லையே என்று பூமயில் சொல்லிப் பார்த்தாள். முதலில் சிரிக்க வைத்தால்தான் பிறகு அழ வைக்க முடியும் என்றார் குருநாதன். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அவளுக்கு முதலாளி வேஷம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கோந்து போட்டு ஒட்டுகிற மீசை. நியாயம் கேட்டு அவள் பாம்பனில் அவர் வீட்டுக்குப் போன அன்று, வாசலில் நின்றுகொண்டே அவர் ஒன்று சொன்னார். அதை அப்படியே, அந்த இழுப்போடு, ஈறு தெரிகிற சிரிப்போடு மேடையில் சொன்னாள். ஊருக்கு ஊர் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். கூத்தையா முதல் ஆட்டத்தை மைக்செட் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தான். சேதுபதி தள்ளாடியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு ஊரில் சில பேர் அவனைக் குவார்ட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் பூமயிலிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

முதலாளியின் வக்கீல் வீடியோவில் மூன்று இடங்களை மட்டும் போட்டார். முதலில் குருநாதன் மைக்கைப் பிடித்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். இது கட்டுக்கதை இல்லை, எங்க ஆளுகளுக்கு நடந்தது, உள்ளது உள்ளபடி. அடுத்து சேதுபதி இடுப்பில் பாட்டிலோடு தள்ளாடி வந்து ஐஸ் பாருக்கு முத்தம் கொடுத்தான். கடைசியில் பூமயில் வந்தாள்.

"குடிச்சுப்புட்டு வந்து மிஷின்ல கைய விட்டா, அதுக்கு நானா பொறுப்பு?"

வக்கீல் வீடியோவை நிறுத்தினார். மீசையோடு பூமயில் திரையில் நின்றாள். இவர் வேறு யாரும் இல்லை, மனுதாரரின் மனைவிதான் என்று அவர் பணிவாகத் தெரிவித்துக்கொண்டார். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது நீங்கதானாம்மா?"

"நாந்தேன்யா. ஆனா பேசுறது நான் இல்ல. முதலாளி."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த சிரிப்புகளிலேயே கேவலமான சிரிப்பு அதுதான்.

வெளியே வந்ததும் ஜாபர் சாதிக் வேப்பமரத்தடியில் நிறுத்தி நிலைமையைச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டில் குடியைப் பற்றி எதுவும் இல்லை. குடித்திருந்தான் என்றும் இல்லை, குடிக்கவில்லை என்றும் இல்லை. எதிர்த்தரப்பில் இதுவரை, அவன் குடித்திருந்தான் என்று கம்பெனி மேஸ்திரி கொடுத்த வாக்குமூலம் ஒன்றுதான் இருந்தது, அதை உடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இப்போது வீட்டுக்காரியே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

"ஆளே மவுத்தாப் போயிருந்தா, குடிச்சிருந்தாலும் குடுத்துத்தான் ஆகணும்மா. சட்டம் அப்படி. கை மட்டும் போனதுனால, குடிச்சிருந்தானான்னு கேக்க அவங்களுக்கு வழி இருக்கு."

கூத்தையா, "அப்ப தலைய விட்டுருக்கணும்" என்றான்.

ஒரே வழிதான் இருந்தது. நாடகத்தைப் போட்டவரே வந்து, குடிக்கிற காட்சி நாங்களாகச் சேர்த்தது என்று சொல்ல வேண்டும். இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள், அண்ணன் வந்து சொல்வார் என்றாள் பூமயில். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கமுதியில் குருநாதன் வீட்டுக்கு அவள் போனபோது அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். சென்னையில் ஒரு கலை அமைப்பு, நடந்ததை நடந்தபடி மேடையேற்றும் குழு என்று இவர்களுக்குப் பரிசு கொடுக்கப்போகிறதாம். போன் வந்திருந்தது. ஐஸ் கம்பெனி நாடகத்தையே அங்கே போடச் சொல்லியிருந்தார்கள். பூமயில் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வருத்தம் பொய் இல்லை.

"வாரேன் பூமயிலு. ஒனக்கு வராம யாருக்கு வரப்போறேன்?"

"ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்ணே. குடிக்கிற சீனு நம்ம சேத்ததுன்னு."

சேர்த்தது என்ற சொல்லை அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். மருந்து குடித்த மாதிரி முகம் சுளித்தது. சேர்த்தது என்று சொல்வதை விட, இடம் மாற்றி வைத்தது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்றார். எப்படியோ சொல்லுங்கள் அண்ணே என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த விசாரணைக்கு அவர் இஸ்திரி போட்ட ஜிப்பாவில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஜாபர் சாதிக் கேட்டதற்கு, மேடைக்காகச் சில நிகழ்ச்சிகளை முன்பின்னாக வைப்பது உண்டு, குடி முந்தின நாளுக்கு உரியது என்று தெளிவாகவே சொன்னார். பூமயிலுக்கு மூச்சு வந்தது. கூத்தையாகூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். அவர் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குருநாதனுக்கு வணக்கம் சொன்னார். கரிமூட்ட நாடகத்தைத் தான் மாணவனாக இருந்தபோது முதுகுளத்தூரில் பார்த்ததாகவும், அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை என்றும் சொன்னார். குருநாதன் முகம் மலர்ந்தது. அந்த நாடகத்துக்கு முன்னாலும் உள்ளது உள்ளபடி என்று சொன்னீர்களே, அந்தப் பிள்ளைகள் வெந்தது நிஜம்தானே என்று கேட்டார். நிஜம் என்றார் குருநாதன். மில்லுக்குப் போன பெண்ணும் நிஜம்தானே? நிஜம்.

"அப்ப அதுலயும் கொஞ்சம் முன்ன பின்ன வச்சிருப்பீங்களாய்யா? இத்தனை வருஷமா சனங்கள்ட்ட உண்மைன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்திக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

குருநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் குரல் மாறிப்போனது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் எட்ட வைக்கிற அந்தக் குரலைப் பூமயிலுக்குத் தெரியும். வேண்டாம் அண்ணே என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

"எங்க நாடகத்துல பொய் கெடையாது சார். ஒரு வரிகூடக் கெடையாது."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். தான் சொன்னது என்ன என்பது குருநாதனுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால், அதாவது என்று ஏதோ ஆரம்பித்தார். தட்டச்சு செய்கிற பெண் அந்த வரியை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தாள். பூமயில் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

இனித் தீர்ப்பு வரைக்கும் போனால் ஒன்றுமே இல்லாமல் போகலாம், முதலாளி பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறார், வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்று ஜாபர் சாதிக் சொன்னார். சொல்லும்போது அவர் இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சமரசப் பத்திரத்தில் அதற்கு இழப்பீடு என்று பெயர் இல்லை, கருணைத் தொகை என்று இருந்தது. மது அருந்திய நிலையில் தன் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார் என்றும் இருந்தது. பத்தாவது வரைக்கும் படித்த கூத்தையா அதை முழுசாகப் படித்தான். கையெழுத்துப் போடுகிற கை இல்லாததால் இடது பெருவிரலை மையில் அழுத்தி வைத்தான். ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனை அடைத்த பிறகு ஒரு பெட்டைக் குட்டி வாங்கக்கூட மிச்சமில்லை. அவன் அதற்குப் பிறகு ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

குருநாதன் வீடு தேடி வந்தார். அவர்கள் தெருவுக்குள் அதுவரை வராதவர் இல்லை. ஆனால் அன்றைக்குப் போல ஒடுங்கி வந்ததில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சென்னையில் கிடைக்கிற பரிசு அப்படியே உங்களுக்குத்தான் என்றார். சென்னைக்கு வருவதற்குப் பூமயில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். சேதுபதியின் தள்ளாட்டமும், அதைச் சொல்லுகிற தன்னுடைய அந்த வரியும் இனி நாடகத்தில் இருக்கக் கூடாது. எடுத்துவிடுவோம் என்று அவர் அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் வரவில்லை, நீ போ என்று சொல்லிக்கொண்டிருந்த கூத்தையாவையும் அவர் கட்டாயப்படுத்திச் சேர்த்துக்கொண்டார்.

சென்னை அரங்கத்தில் குளிரூட்டி ஓடியது. நாடகம் தொடங்கியது. பூமயில் மீசையை ஒட்டிக்கொண்டு மேடை ஓரத் திரைக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றாள். கூத்தையாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சேதுபதி அவளைத் தாண்டி மேடைக்குப் போனான். இடுப்பில் பாட்டில் இருந்தது.

அவள் குருநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கிட்டே வந்து காதில் சொன்னார். "வீடியோவப் பாத்துத்தான் பூமயிலு கூப்பிட்டிருக்காக. அதுல இருந்தது இங்க இல்லையின்னா கேப்பாகள்ல? இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்."

அரங்கம் சிரித்தது. நாகரிகமான சிரிப்பு. ஆனாலும் சிரிப்புதான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தாள். எங்கே போவது? ஊருக்குப் போக வேனும் குழு வேன்தான், நாளைக்குக் களையெடுக்கக் கூப்பிடுகிற காடும் குருநாதன் தம்பி காடுதான். அவள் முறை வந்தது. போனாள். வயிற்றெரிச்சல் முழுவதும் முதலாளியின் குரலில் ஏறிக்கொண்டது. அந்த வரியை அவள் அதுவரை அவ்வளவு நன்றாகச் சொன்னதே இல்லை. பாதியிலேயே கை தட்டினார்கள்.

முடிந்ததும் குருநாதன் கூத்தையாவை மேடைக்கு அழைத்தார். இவர்தான் நிஜமான கூத்தையா என்றார். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கண்ணாடியில் செய்த ஒரு பெரிய கேடயத்தை அவனிடம் நீட்டினார்கள். ஒற்றைக் கையில் அது நிற்காமல் சரிந்தது. பூமயில் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வேஷம் கலைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. போட்டோ எடுக்கிறவர் முதலாளியைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

கீழே இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள். கைத்தறிச் சேலை கட்டிய வயதான அம்மா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூத்தையாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான், பார்த்தாலே தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"இப்போ குடியை விட்டுட்டீங்களாப்பா?"

கூத்தையா பூமயிலைப் பார்த்தான். அவள் மீசைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். அவன் அந்த அம்மா பக்கம் திரும்பினான்.

"விட்டுட்டேம்மா" என்றான்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, பக்கத்தில் நின்றவர்களிடம், ஒரு நல்ல நாடகம் ஒரு மனுஷனை எப்படி மாற்றியிருக்கிறது பாருங்கள் என்றார். சுற்றி நின்ற எல்லோரும் இன்னொரு தடவை கை தட்டினார்கள்.